“இனி எதற்குப் பல் மருத்துவம்?” என்று மறுக்கும் முதியவரின் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி

என் தாயாருக்கு வயது 82. இரண்டு ஆண்டுகளாக ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு தெளிவாகவே இருக்கிறது. முழங்கால் வலியும், வலது கை விரல்கள் சரியாக மடங்காமல் போனதும் சேர்ந்து, தனியே வாழ முடியாத நிலை வந்த பிறகுதான் அவராகவே முடிவெடுத்து அங்கே சேர்ந்தார். மேல் தாடையில் முழுப் பல் செட் அணிகிறார். கீழே ஏழு சொந்தப் பற்கள் மிச்சமிருக்கின்றன. சென்ற மாதம் இல்லத்துக்கு வந்த பல் மருத்துவர், அந்த ஏழில் மூன்று பற்களில் வேர்ப்பகுதியில் சொத்தை இருப்பதாகவும், மேல் செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்து அழற்சி கண்டிருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார். அம்மாவோ, “எனக்கு வலிக்கவில்லை. இனி எதற்கு இதெல்லாம்? இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

இல்லத்தாரிடம் கேட்டேன். அவர் சுயநினைவோடு மறுக்கும்போது வற்புறுத்த முடியாது என்றார்கள். அது நியாயம்தான் என்றாலும், அந்தப் பதிலில் ஒரு வேலை குறைந்த நிம்மதியும் கலந்திருந்ததாக எனக்குப் பட்டது. நான் தவறாகவும் நினைத்திருக்கலாம். போன வாரம் சென்றபோது அவருடைய செட்டைக் காணவில்லை. அரை மணி நேரம் தேடிய பிறகு, கைக்குட்டையில் சுருட்டித் தலையணை உறைக்குள் அவரே வைத்திருந்தது தெரிந்தது. ஏன் அங்கே வைத்தீர்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நான் கேட்க விரும்புவது சிகிச்சையைப் பற்றி மட்டுமல்ல. உடம்பின் மற்ற எல்லாவற்றுக்கும் மருந்து கேட்டு வாங்குகிற ஒருவர், பல் என்றதும் மட்டும் ஏன் இப்படிக் கதவைச் சாத்துகிறார்? இது அவருடைய உண்மையான விருப்பமா, அல்லது வேறு ஏதோ ஒன்றை அவர் இப்படிச் சொல்கிறாரா? இல்லங்களில் வேலை செய்தவர்களும் இதே நிலையைச் சந்தித்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

நான் முதியோர் இல்லங்களில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள். உங்கள் தாயார் சொன்ன அதே சொற்களை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே வாக்கியத்தை ஆளுக்கொரு பொருளில்தான் சொல்கிறார்கள் என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒருவருக்கு அது பயம். அவர் இளமையில் அறிந்த பல் மருத்துவம் என்பது வலி தாங்காமல் போய் உட்கார்ந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவது மட்டுமே; பல்லைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு மருத்துவம் உண்டு என்பது அவர் அனுபவத்திலேயே இல்லை. இன்னொருவருக்கு அது பணம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் “வலிக்கவில்லை” என்பார். மூன்றாமவருக்கு அது வெட்கம். மேலும் சிலருக்கு, முதுமை என்றாலே பல் விழத்தானே செய்யும் என்ற முடிவு. பல் போனால் சொல் போச்சு என்று பழமொழி சொல்லிக்கொண்டே, பல் போவதை மட்டும் விதி என்று விட்டுவிடுகிற தலைமுறை அது. வயது மட்டுமே பல்லைக் கொட்டச் செய்வதில்லை. சொத்தையும் ஈறு நோயும்தான் பெரும்பாலும் கொட்டச் செய்கின்றன என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இல்லத்தாரின் பதிலில் நிம்மதி தெரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தவறாக நினைத்துவிடவில்லை என்றுதான் சொல்வேன். பணியாளர்களின் மனப்பான்மையைப் பேசாமல் முதியவர்களின் மனப்பான்மையை மட்டும் பேசுவது சரியாகாது. உடம்பைத் துடைப்பது, மலம் கழித்த துணியை மாற்றுவது ஆகியவற்றைத் தயங்காமல் செய்கிறவர்கள்கூட, இன்னொருவர் வாய்க்குள் கைவைப்பதற்குக் கூசுவார்கள். கடித்துவிடுவாரோ என்ற அச்சமும் உண்டு. காலையில் ஒரு பணியாளர் பலரை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, உணவு மேசைக்குக் கொண்டுவர வேண்டிய நேரத்தில், வெளியே தெரியாத வேலைதான் முதலில் கழற்றிவிடப்படும். தலை வாராமல் இருந்தால் உறவினர் கேட்பார்கள்; பல் துலக்காமல் இருந்தால் யார் கேட்கிறார்கள்? இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களை ஒழுங்குபடுத்தும் கேர் குவாலிட்டி கமிஷன் 2019இல் 100 இல்லங்களைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கையில், 52 சதவீத இல்லங்களில் வாய்ச் சுகாதாரத்துக்கென்று எந்தக் கொள்கையும் இல்லை என்றும், 47 சதவீத இல்லங்கள் பணியாளர்களுக்கு அதில் பயிற்சியே தரவில்லை என்றும் சொல்லப்பட்டது. தன் வாயை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதை நாள்தோறும் காண்கிற ஒருவர், மெல்ல மெல்லத் தானும் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

தலையணை உறைக்குள் செட் இருந்ததைப் பற்றி: இல்லங்களில் செட் காணாமல் போவது அன்றாடச் செய்தி. காகிதத்தில் சுருட்டி வைத்தது குப்பைக்குப் போகும், உறையில் வைத்தது சலவைக்குப் போகும், உணவுத் தட்டிலேயே வைத்துவிட்டது சமையலறைக்குப் போகும். ஒருவர் செட் இன்னொருவர் வாய்க்குப் போன நிகழ்வையும் கண்டிருக்கிறேன்; பொருந்தாத செட்டோடு மூன்று நாள் உணவைத் தள்ளிக்கொண்டிருந்தவரை ‘பசியில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தோம். அதனால் உங்கள் தாயார் செட்டை ஒளித்து வைப்பது அதைப் பாதுகாக்கத்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. செட்டில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவ, பராமரிப்பு வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் பராமரிப்பு இல்லங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவரை இல்லத்தில் சேர்க்கும்போதே செட்டில் அடையாளம் இருக்கிறதா, இல்லையென்றால் இட விரும்புகிறாரா என்று கேட்கச் சொல்கிறது. பல் தொழில்நுட்பக் கூடத்தில் எளிதாகச் செய்துவிடக்கூடிய வேலை அது.

அண்ணத்தில் அழற்சி என்றால், இரவிலும் கழற்றாமல் தூங்குகிறாரா என்று பாருங்கள். செட்டுக்கு அடியில் ஈரமும் சூடும் சேர்ந்து பூஞ்சை வளர்வதுதான் பெரும்பாலும் காரணம். இரவில் கழற்றி, சவர்க்காரமும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கழுவும்போது தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது. கொதிநீர் கூடாது, வளைந்துவிடும். சாதாரணப் பற்பசையும் கூடாது, அது செட்டின் மேற்பரப்பில் கீறல் போடும், அந்தக் கீறல்களில் அழுக்கு தங்கும்.

இரண்டாம் பதில்

முதியோர் இல்லங்களுக்குச் சென்று பார்க்கும் பல் மருத்துவர் நான். செவிலியர் அம்மா எழுதியதோடு பெரிதும் உடன்படுகிறேன். என் துறையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

“வலிக்கவில்லை, ஆகவே தேவையில்லை” என்பதை அறியாமை என்று எங்கள் துறையினர் நீண்ட காலம் ஒதுக்கித் தள்ளினார்கள். நாங்கள் வாயைத் திறந்து பார்த்துக் கணக்கிடும் தேவைக்கும், அந்த முதியவர் தானே உணரும் தேவைக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளிக்கு உடல் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. வயது ஏற ஏறப் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பறை சுருங்கிவிடுகிறது. சொத்தை ஆழமாகப் போகும் வரை அவருக்கு உண்மையாகவே வலிப்பதில்லை. உங்கள் தாயார் பொய் சொல்லவில்லை. வலி வரும்போது அந்தப் பல் காப்பாற்றும் கட்டத்தைக் கடந்திருக்கும் என்பதுதான் சிக்கல்.

வேர்ப்பகுதியில் சொத்தை ஏன் விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈறு கீழிறங்கியதும் வேர் வெளியே தெரிகிறது. அதன் மேல் எனாமல் என்ற கடினமான உறை கிடையாது. எனாமல் கரையத் தொடங்குவதற்கு வாயின் பிஎச் அளவு (அது இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5 வரை இறங்க வேண்டும். வேருக்கோ ஏறத்தாழ 6.2 முதல் 6.7 வரை இறங்கினாலே போதும். அதாவது, பல்லின் தலைப்பகுதிக்கு ஒன்றும் செய்யாத மெல்லிய அமிலம்கூட வேரை அரித்துவிடும். இதோடு உமிழ்நீர் குறைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உமிழ்நீர் குறைவதற்கு முதுமையைவிட முதுமையில் உட்கொள்ளும் மருந்துகளே பெரும்பாலும் காரணம். நீர் பிரியக் கொடுக்கும் மருந்துகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், ஒவ்வாமை மருந்துகள், சிறுநீர்ப்பைக் கோளாறுக்கான மருந்துகள் என்று பலவும் வாயை உலர்த்துகின்றன. வாய் உலர்ந்தவர் அதைத் தணிக்க இனிப்பு மிட்டாயை அடக்கிக்கொள்வார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய். தாயாரின் மருந்துச் சீட்டை ஒரு முறை மருத்துவரிடம் இந்தக் கண்ணோட்டத்தில் காட்டுங்கள்.

வாய்ச் சுத்தத்துக்கும் நிமோனியாவுக்கும் தொடர்பு உண்டா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் செய்தி பலமுறை மிகைப்படுத்தப்படுகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 2002இல் விரிவாக வெளியான ஆய்வில், முறையான வாய்ப் பராமரிப்பு பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. அதை வைத்துக்கொண்டு பல் துலக்கினால் நிமோனியா வராது என்று சொல்லத் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்காவில் 36 இல்லங்களில், பல் துலக்குவதோடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தையும், நிமிர்ந்து உட்கார வைத்து உணவு ஊட்டுவதையும் சேர்த்துச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு 2015இல் முடிவு வெளியானது. எனவே அதைச் சொல்லி உங்கள் தாயாரைப் பயமுறுத்த வேண்டாம். செட்டை இரவிலும் அணிந்தே தூங்குவதைப் பற்றி மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன்: ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அப்படித் தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

மனப்பான்மை காலத்தோடு மாறுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968இல் வயதுவந்தோரில் 37 சதவீதத்தினருக்கு ஒரு பல்கூட இல்லை. 2009இல் வட அயர்லாந்தையும் சேர்த்து எடுத்த கணக்கில் அது 6 சதவீதம். முன்பெல்லாம் இல்லத்தில் சேர்பவர் செட்டோடு வந்தார். அதைக் கழற்றிக் கழுவினால் வேலை முடிந்தது. இப்போது வருகிறவர் சொந்தப் பற்களோடும், அடைத்த பற்களோடும், பாலம் கட்டிய பற்களோடும், தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல்லான இம்ப்ளான்டோடும் வருகிறார். வாய் மாறிவிட்டது, இல்லத்தின் பழக்கமும் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் இன்னும் செட்டுக் காலத்திலேயே நிற்கின்றன. எதிர்பார்ப்பை மாற்ற முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஜப்பான் 1989இல் ‘80 வயதில் 20 பற்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது அந்த இலக்கை எட்டியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016 கணக்கெடுப்பில் பாதிக்கு மேல் எட்டியிருந்தார்கள். எல்லாம் மனம் மாறியதால் மட்டும் நடந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் தாயாருக்கு என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்பதில்லை, ஒன்றும் செய்யாமல் விட வேண்டும் என்பதும் இல்லை. சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையின் மேல் தடவினால் பெரும்பாலான இடங்களில் அது மேலும் பரவுவது நின்றுவிடுகிறது. ஊசி இல்லை, துளையிடுவது இல்லை, அவர் அறை நாற்காலியிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்பே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் தடவலாம். இதோடு, மருத்துவர் எழுதித் தரும், ஃப்ளோரைடு மிகுந்த (5000 பிபிஎம்) பற்பசையைப் பயன்படுத்தி, துலக்கியபின் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விடச் சொல்லுங்கள். எலும்பு வலுவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறாரென்றால் அதைப் பல் மருத்துவருக்குத் தெரிவிக்க மறக்காதீர்கள். பல்லைப் பிடுங்க நேர்ந்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் சிலருக்கு உண்டு. அந்த அபாயத்தை நினைத்தே, பிடுங்கும் நிலை வராமல் காப்பது நல்லது என்கிறேன்.

மூன்றாம் பதில்

எனக்கு வயது 79. நான்கு ஆண்டுகளாக ஓர் இல்லத்தில் வசிக்கிறேன். இங்கே எங்களைப் பற்றி எல்லோரும் அக்கறையோடு பேசுகிறீர்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் எங்களில் ஒருவன் எழுதுவதும் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மருத்துவர் ஐயா சொல்வது அனைத்தும் சரியாகவே இருக்கட்டும். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் வாய் என்பது இந்த இல்லத்தில் எனக்கென்று மிஞ்சியிருக்கும் கடைசிக் கதவு. எப்போது எழ வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், என்ன உண்ண வேண்டும் என்பதெல்லாம் வேறு யாரோ வகுத்த அட்டவணைப்படி நடக்கிறது. அட்டையில் எழுதிக்கொண்டு ஒருவர் வந்து “வாயைத் திறங்க தாத்தா” என்று சொல்லும்போது, திறக்க மறுப்பது எனக்கு ஒரு மகிழ்ச்சியைத் தருகிறது. இது சிறுபிள்ளைத்தனம் என்று எனக்கும் தெரியும்.

என் பற்களை நான் நாற்பது வயதில் மொத்தமாக எடுத்தேன். அன்று அதுதான் புத்திசாலித்தனம் என்று சொன்னார்கள். ஒரு முறை எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் தொல்லை இல்லை என்றார்கள். அன்று முதல் என் மனைவியின் முன்னால்கூட நான் செட்டைக் கழற்றியதில்லை. விளக்கை அணைத்த பிறகு கழற்றி, அவள் விழிப்பதற்கு முன் அணிந்துகொண்டு முப்பது ஆண்டுகளைக் கடத்தினேன். அப்படிப்பட்ட என்னிடம், பேத்தி வயதுள்ள ஒரு பெண், கதவு திறந்து கிடக்கும் அறையில், கையை நீட்டி “கழற்றிக் கொடுங்கள்” என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? தூங்குவதுபோல் நடிப்பேன். ஒன்றரை ஆண்டு அப்படித்தான் நடித்தேன். கழற்றாமலே தூங்கினேன். தவறு என்று தெரிந்தும் செய்தேன்.

கீழ்ச் செட் எனக்கு இப்போது பொருந்துவதில்லை. தாடை எலும்பு தேய்ந்துவிட்டது, பேசும்போது தூக்கிக்கொண்டு வருகிறது. அதனால் உணவு மேசையில் பேசுவதைக் குறைத்தேன். பிறகு மேசைக்குப் போவதையே குறைத்தேன். ‘தனிமையை விரும்புகிறார்’ என்று என்னைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பணியாளர் சொல்லித்தான் தெரிந்தது. இதை நான் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் மகன் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், ஒன்றுக்கு நான்கு முறை அலைய வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது என்பார்களே, கடிக்கப் பல் இல்லாதவனுக்கும் அது பழகிவிடுகிறது.

உங்கள் அம்மாவிடம் பல்லைப் பற்றிப் பேசாதீர்கள். மருத்துவரோ பணியாளரோ உடன் இல்லாதபோது, எது உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வராது.

நான்காம் பதில்

நினைவு தெளிவாக உள்ளவர்களைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். என் தந்தைக்கு மறதி நோய் முற்றிய நிலை. பிரஷைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறார், சில சமயம் கையை ஓங்குகிறார். முன்பிருந்த ஓர் இல்லத்தில் இருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் துலக்கினார்கள். அதன் பிறகு முகத்தருகே எந்தக் கை வந்தாலும் நடுங்கினார். ஒப்புதல் கேட்க முடியாத ஒருவரிடம் அவர் கண்ணியத்தை எப்படிக் காப்பது? விட்டுவிட்டால் அலட்சியம், பிடித்துக்கொண்டால் கொடுமை. நடுவழி என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் பதில் எழுதிய செவிலியர் மீண்டும்

நான்காம் பதில் எழுதியவருக்கு: நடுவழி உண்டு, ஆனால் அதற்குப் பொறுமையும் ஒரே முகமும் வேண்டும். பிடித்துக்கொண்டு துலக்குவது இனி வேண்டவே வேண்டாம் என்று இல்லத்தாரிடம் எழுத்திலேயே கேளுங்கள். மறதி நோய் உள்ளவர் எதிர்ப்பதற்கு முரட்டுத்தனம் காரணமல்ல. தலைக்கு மேலிருந்து ஒரு கை ஏதோ ஒரு பொருளோடு வாயை நோக்கி வருகிறது என்பதை மட்டுமே அவர் காண்கிறார். அப்படி வந்தால் நீங்களும் நானும்கூடத் தட்டிவிடுவோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். எதிரே, அவர் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருவேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன், கழுவுதொட்டியின் அருகே இருந்தால் இன்னும் நல்லது. அந்த இடமே பழைய பழக்கத்தை எழுப்பிவிடும். பிரஷில் துளி பற்பசை வைத்து அவர் கையில் கொடுத்து, அந்தக் கையின் மேல் என் கையை வைத்து முதல் இரண்டு இழுப்பை மட்டும் இழுப்பேன். சிலருக்கு அதற்குப் பிறகு கை தானாக ஓடும். எழுபது ஆண்டுப் பழக்கம் அல்லவா! ஓடாதபோது அந்த பிரஷை அவர் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டு, இன்னொரு பிரஷால் நான் துலக்குவேன்; கையில் ஒன்று இருப்பதால் என்ன நடக்கிறது என்பது அவருக்கு விளங்குகிறது. தலையைத் திருப்பினால் நிறுத்திவிட்டுப் பிறகு வருவேன், அல்லது வேறு ஒருவரை அனுப்புவேன். காலையில் முடியாதது மாலையில் முடியும். ‘செல்லம்’, ‘குட்டி’ என்று குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினால் எதிர்ப்பு கூடுகிறது என்பது என் அனுபவம்; முழு மரியாதையோடு பெயர் சொல்லி, ‘ஐயா’ என்று அழைத்துப் பாருங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவரென்றால் நுரை வராத பற்பசையைக் கேட்டு வாங்குங்கள், நிமிர்த்தி உட்காரவைத்து முகவாயைச் சற்றுத் தாழ்த்தியே துலக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், திடீரென்று எதிர்ப்பு கூடியதென்றால் அது வலியாக இருக்கலாம். உணவை ஒரு பக்கமே ஒதுக்குவது, கன்னத்தில் கை வைத்துக்கொள்வது, இரவில் அமைதியிழப்பது, செட்டைப் போட மறுப்பது ஆகியவற்றை ‘நோயின் குணம்’ என்று எழுதிவிடுவது எங்கள் தொழிலில் நிகழும் பெரும் பிழை. உதடு, நாக்கு, ஈறு, உமிழ்நீர், சொந்தப் பற்கள், செட், சுத்தம், வலி என்ற எட்டு அம்சங்களைப் பார்த்து மதிப்பெண் இடும் ஓஹாட் என்ற எளிய படிவம் இருக்கிறது. பல் மருத்துவராக இல்லாதவரும் சில நிமிடங்களில் நிரப்பலாம். உங்கள் இல்லத்தில் அதைப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள்.

மூன்றாம் பதில் எழுதிய ஐயாவுக்கு: கழற்றிக் கொடுங்கள் என்று கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு கேட்டவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் கீழ்ச் செட்டுக்கு அடிப்பரப்பைப் புதிதாக நிரப்பித் தாடைக்குப் பொருத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா நேரமும் புதுச் செட் தேவைப்படுவதில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி, பல் என்ற சொல்லையே எடுக்காமல் கேட்டேன். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் முறை சென்றபோது, தோட்டத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருக்கையில், என் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாததாலோ என்னவோ, அவராகவே சொன்னார். செட்டைப் போட்டு வைக்கத் தந்திருந்தது ஒளி ஊடுருவும் கண்ணாடிக் குவளை. அது இருவர் தங்கும் அறையின் சன்னலோரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்த ஒரு குழந்தை அதைக் கண்டு பயந்து அழுதிருக்கிறது. பெரியவர்கள் சிரித்துச் சமாதானம் செய்தார்களாம். அம்மா போர்வைக்குள் விழித்தபடி படுத்திருந்தாராம். தலையணை உறை அன்றைக்குத் தொடங்கியது. திருட்டுப் பயமும் இல்லை, மாறிப்போகும் என்ற கவலையும் இல்லை.

மூடியுள்ள, உள்ளே தெரியாத ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். அதை மேசை இழுப்பறைக்குள் வைக்க இல்லத்தார் ஒப்புக்கொண்டார்கள். இரவில் கழற்றும்போது திரையை இழுத்துவிட்டுப் பணியாளர் வெளியே நிற்கிறார். அம்மா தானே கழற்றிக் கழுவிக்கொள்கிறார். மடங்காத விரல்களுக்கு ஏற்ப பிரஷின் கைப்பிடியில் தடித்த ரப்பர் உறை போட்டிருக்கிறோம். அண்ணத்துக்கு மருத்துவர் மருந்து எழுதித் தந்தார், சிவப்பு குறைந்திருக்கிறது. செட்டில் பெயர் பொறிப்பதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. “நான் என்ன பாத்திரமா?” என்று கேட்டார்.

கறுப்பாக்கும் அந்தத் திரவத்தைப் பற்றியும் சொன்னேன். கீழ் உதட்டைக் கண்ணாடியில் இழுத்து நீண்ட நேரம் பார்த்தார். இரண்டு பற்களுக்குச் சரி என்றார். முன்னால் தெரியும் மூன்றாவதற்கு வேண்டாம் என்றார். அதை அடைக்க ஒப்புக்கொள்வாரா என்பது அடுத்த மாதம்தான் தெரியும், நானும் இப்போது கேட்கவில்லை. மருத்துவர் வரும் நாளைக் குறித்துக்கொண்டு, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தான் செட்டை அணிந்து, தலை வாரி முடித்து, சொல்லி அனுப்பிய பிறகே அவரை அறைக்குள் அழைத்துவர வேண்டும்.